பொன் கொழித்த ஆறும் மண் சுமந்த ஊரும்

ஆறு பொன் தரும் என்னும் நம்பிக்கை உலகின் பல நாடுகளிலும் உண்டு. காவிரிக்குப் பொன்னி என்றொரு பெயர் வழங்கி வருவதைத் தமிழர் அறிவர். அலை ஒரு பொருளை ஒதுக்கிக் கரையில் சேர்ப்பதையும், முறத்தில் இட்டு நொய் பிரிப்பதையும், செல்வம் பெருகுவதையும் ‘கொழித்தல்’ என்னும் ஒரு சொல்லாலேயே தமிழ் குறிக்கிறது. அரிசியை நீரில் அலசிக் கல்லைப் பிரிப்பது ‘அரித்தல்’. வெள்ளம் கரையைக் கரைத்துக் கொண்டுபோவதும் ‘அரித்தல்’தான். கொழிக்கும் ஆறே அரிக்கவும் செய்யும் என்னும் பட்டறிவு இவ்விரு சொற்களுக்குள் அடங்கிக் கிடக்கிறது. இந்த உண்மையை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நடத்திக் காட்டிய நிலப்பகுதி ஒன்று உண்டு. அது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குக் கடற்கரையில் உள்ள கலிபோர்னியா.

1848க்குப் பின் அங்கே உலகெங்கிலுமிருந்து மக்கள் பொன் தேடிக் குவிந்த செய்தி பள்ளிப் பாடநூல்களிலேயே இடம்பெறுவது. ஆயின் அப்பொன்னை ஆற்றில் கொண்டுவந்து சேர்த்தது வெள்ளம் என்பதும், பொன் தேடியவர் உழைப்பை ஆண்டுதோறும் அடித்துச் சென்றது வெள்ளம் என்பதும், இறுதியில் பொன்னின் பொருட்டு மனிதனே வெள்ளத்தைச் செய்யத் தலைப்பட்டான் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இம்மூன்றையும் ஒருசேர நோக்கினால்தான் அவ்வரலாறு முழுமை பெறும்.

ஆறு பொன்னைப் பிரிக்கும் முறை

பொன் நீரைவிடப் பத்தொன்பது மடங்குக்கும் மேல் கனமானது. ஆற்று மணலில் பெரும்பகுதியாக உள்ள வெண்கல் துகள் நீரைவிட இரண்டரை மடங்குக்குச் சற்றே மிகுந்த கனமுடையது. ஆற்றுப் பொன்னைப் பற்றிய செய்திகள் யாவும் இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன. மலைப்பாறையின் வெடிப்புகளில் படிந்திருக்கும் பொன், பாறை காலப்போக்கில் சிதையும்போது வெளிப்பட்டு, மழைநீரோடு ஓடையை அடைகிறது. அங்கே அது கூழாங்கற்களுக்கிடையே தங்கிவிடுகிறது. வழக்கமான நாளின் நீரோட்டத்துக்கு அதனை அசைக்கும் ஆற்றல் இல்லை.

பெருவெள்ளம் வரும்போதுதான் ஆற்றுப்படுகை முழுவதும் கிளறப்பட்டு நகர்கிறது. அரிசி அரிக்கும் பெண் பாத்திரத்தை ஆட்டுகையில் அரிசி நீரோடு மேலெழுந்து செல்ல, கல் அடியில் தங்குவதைப் போல, மணலும் கூழாங்கல்லும் வெள்ளத்தோடு போகப் பொன்மணிகள் மேன்மேலும் கீழிறங்கி, அடிப்பாறையின் பிளவுகளில் புகுந்துகொள்கின்றன. வெள்ளத்தின் விரைவு எங்கெங்கே தளர்கிறதோ அங்கங்கே பொன் படியும். ஆற்று வளைவின் உட்புறத் திட்டு, பெரும்பாறையின் பின்புறம், குறுகிய மலையிடுக்கைக் கடந்து ஆறு அகலும் இடம் ஆகியவை அத்தகையவை. அதனோடு கனமான இரும்புக் கருமணலும் சேர்ந்து படிவதால், கருமணல் கண்ட இடத்தில் பொன் தேடுவது அரிப்போர் மரபாயிற்று. மாவு போன்ற நுண்பொன் மட்டும் வெள்ளத்தில் நெடுந்தொலைவு சென்று, மணல்திட்டுகளின் மேற்பரப்பில் மெல்லிய படலமாகத் தங்கும். வெள்ளந்தோறும் புதிதாகக் கிடைக்கும் அதனை ‘வெள்ளப்பொன்’ என்றே அந்நாட்டார் வழங்குவர்.

இங்கு ஒன்றைக் கருத்தில் கொள்ளல் வேண்டும். வெள்ளம் பொன்னைப் படைப்பதில்லை. மறைந்ததை வெளிப்படுத்துகிறது, வெளிப்பட்டதை மறைக்கிறது, இருந்த இடத்தை மாற்றுகிறது. சென்ற ஆண்டு வளம் கொடுத்த திட்டு இவ்வாண்டு பத்தடி மணலுக்குக் கீழே கிடக்கும். எவரும் திரும்பிப் பாராத ஓடையின் அடிப்பாறை ஒரே இரவில் திறந்து கிடக்கும். ஆற்றுப் பொன்னை நம்பியவர் வாழ்வில் நிலையின்மை ஒன்றே நிலையானதாக இருந்ததற்கு இதுவே காரணம்.

பொன் தேடியோரின் பருவங்கள்

1848 ஜனவரி 24ஆம் நாள் அமெரிக்கன் ஆற்றின் தென்கிளையில், கொலோமா என்னுமிடத்தில் ஜேம்ஸ் மார்ஷல் என்னும் தச்சர் பொன் துணுக்குகளைக் கண்டார். ஜான் சட்டர் என்னும் நிலக்கிழாருக்காக அங்கே அவர் மரம் அறுக்கும் ஆலை ஒன்றை அமைத்துக்கொண்டிருந்தார். ஆலைச் சக்கரத்தைச் சுழற்றிய நீர் வெளியேறுவதற்குரிய வாய்க்காலைப் பகலில் ஆட்கள் வெட்டுவர். இரவில் மடையைத் திறந்துவிட்டால், பெயர்ந்த மண்ணை நீரே கொண்டுபோய்விடும். அவ்வாறு இரவெல்லாம் நீர் ஓடிய வாய்க்காலின் அடியிலேயே மறுநாட் காலையில் பொன் மின்னியது. கலிபோர்னியாவின் புகழ்பெற்ற முதற்பொன்னே மனிதன் திறந்துவிட்ட ஒரு சிறு வெள்ளத்தின் கொடை என்பது நினைக்கத்தக்கது.

பழங்குடியினர் நீங்கலாக 1848இல் ஏறத்தாழ 14,000 பேர் வாழ்ந்த அந்நிலப்பகுதியில் 1852 அளவில் இரண்டரை இலட்சம் பேர் குடியேறியிருந்தனர். அவ்வாண்டில் எடுக்கப்பட்ட பொன்னின் மதிப்பு 8 கோடி டாலருக்கும் மேல். வந்தவர்கள் முதலில் ஏந்தியது தட்டு. அடுத்து, குழந்தையின் தொட்டிலைப் போல ஆட்டப்பட்டதால் ‘தொட்டில்’ என்றே பெயர்பெற்ற மரப்பெட்டி வந்தது. அதன்பின், அடியில் குறுக்குச் சட்டங்கள் அடித்த நீண்ட மரக்கால்வாய் வந்தது. இம்மூன்றும் செய்தது ஒன்றே. ஆறு பல்லாயிரம் ஆண்டுகளாகத் தன் படுகையில் செய்துவந்ததை இவை சில நிமிடங்களில் செய்தன. மரக்கால்வாயின் குறுக்குச் சட்டம், ஆற்றின் அடிப்பாறைப் பிளவுக்கு மனிதன் கண்ட மாற்று எனலாம்.

கலிபோர்னியாவில் மழைக்காலம் குளிர்காலமே. நவம்பர் முதல் மார்ச் வரை மழையும், சியரா நெவாடா மலைத்தொடரின் உச்சியில் பனியும் பொழியும். வசந்தத்தில் பனி உருகி ஆறுகள் நிரம்பி ஓடும். கோடையின் பிற்பகுதியில்தான் நீர் வற்றும். எனவே ஆற்றின் நடுப்படுகையை எட்டுவதற்குப் பொன் தேடுவோருக்குக் கிடைத்த காலம் மூன்று அல்லது நான்கு திங்களே. அதற்குள் பலர் கூட்டுச் சேர்ந்து, ஆற்றின் குறுக்கே மரமும் கல்லும் கொண்டு அணை கட்டி, நீரைப் பலகைக் கால்வாயில் ஏற்றி வேறு வழியே திருப்பி, வெறுமையான படுகையைத் தோண்டினர். கோடை முழுவதும் அணை கட்டுவதிலேயே கழியும். பொன் எடுக்க எஞ்சுவது சில வாரங்கள். இலையுதிர்காலத்து முதல் மழை சற்று முந்திவிட்டால் அணையும் கால்வாயும் ஓரிரவில் மறைந்துவிடும். அரிசிக்கும் பலகைக்கும் கடைக்காரரிடம் பட்ட கடன் மட்டும் மறையாது. வெள்ளம் வந்த நாளைப் பொறுத்தே ஒருவன் செல்வனாவதும் கடனாளியாவதும் அமைந்தது.

ஆயினும் மழையை அவர்கள் வெறுத்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. ஆற்றைவிட்டு விலகிய வறண்ட பள்ளத்தாக்குகளிலும் பொன் இருந்தது. அங்கே கோடையில் தோண்டிக் குவித்த மண்ணை அலசுவதற்குக் குளிர்கால மழையைத் தவிர வேறு நீர் இல்லை. ஆற்றுப்படுகையில் நின்றவன் மழை வாராதிருக்க வேண்டினான். பள்ளத்தில் நின்றவன் மழை வர வேண்டினான். ஒரே மனிதன் பருவம் மாறும்போது வேண்டுதலையும் மாற்றிக்கொண்டதும் உண்டு.

தாழ்ந்த சமவெளியில் இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் அவசரமாக எழுந்த சாக்ரமெண்டோ நகரம் 1850 ஜனவரியில் நீரில் மூழ்கியது. ஆற்றுக்குக் கரை கட்ட வேண்டும் என்று அதற்கு முன்பே வலியுறுத்திவந்த ஹார்டின் பிகலோ என்பவரை நகரத்தார் அவ்வாண்டே மேயராகத் தேர்ந்தெடுத்தனர். கரை கட்டும் காலம் அன்று தொடங்கியது.

1862ஆம் ஆண்டுப் பெருவெள்ளம்

வந்தவர்களுக்கு அந்நிலத்தின் பழைய வெள்ளங்கள் தெரியா. தெரிந்தவர்கள் நிசனான், மைடு முதலிய பழங்குடி மக்கள். அவர்களோ பொன் தேடியோரால் தம் ஆற்றங்கரைகளினின்றும் விரட்டப்பட்டுக்கொண்டிருந்தனர். பொன் கண்ட காலத்தில் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் என மதிப்பிடப்படும் கலிபோர்னியப் பழங்குடியினர் தொகை, நோயாலும் பட்டினியாலும் கொலையாலும் 1870 அளவில் ஏறத்தாழ 30,000 ஆகக் குறைந்தது. 1862 ஜனவரியில் நெவாடா நகர நாளேடு ஒன்று ஒரு செய்தியை வெளியிட்டது. மேரிஸ்வில் அருகே வாழ்ந்த பழங்குடியினர், முன்பு காணாத வெள்ளம் வரப்போகிறது என்று கூறி, வெள்ளையருக்கும் எச்சரிக்கை சொல்லிவிட்டு, ஒரு வாரத்துக்கு முன்பே மலையடிவாரத்துக்குச் சென்றுவிட்டனர் என்பது அச்செய்தி. நீர் எட்டப்போகும் உயரத்தை மரங்களின்மேல் சுட்டிக் காட்டிச் சென்றனராம்.

வெள்ளம் வந்தது. 1861 டிசம்பர் 9ஆம் நாள் சாக்ரமெண்டோவின் கரை உடைந்தது. அடுத்தடுத்து வந்த புயல்களில் சில வெப்பமானவை. அவை மலைமேல் கிடந்த பனியையும் உருக்கி ஆற்றோடு சேர்த்தன. சான் பிரான்சிஸ்கோவில் 1862 ஜனவரி ஒரு திங்களில் மட்டும் 24 அங்குலத்துக்கும் மேல் மழை பதிவாயிற்று. ஜனவரி 10ஆம் நாள் மாநில ஆளுநராகப் பொறுப்பேற்ற லீலண்ட் ஸ்டான்ஃபோர்டு, விழாவுக்குப் படகில் சென்றார். அத்திங்களின் பிற்பகுதியில் சட்டமன்றமே சான் பிரான்சிஸ்கோவுக்குப் பெயர்ந்தது. மாநில நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய வில்லியம் புரூவர், நடுச்சமவெளி முழுவதும் 250 முதல் 300 மைல் நீளமும் சராசரி 20 மைல் அகலமும் கொண்ட ஏரியாகக் கிடந்ததைத் தம் கடிதங்களில் பதிவு செய்துள்ளார்.

மலையிடுக்குகளில் பொன் தேடுவோர் நிலை இன்னும் கொடியது. அணை, கால்வாய், பாலம், குடிசை எவையும் எஞ்சவில்லை. மிகுதியும் துன்புற்றோரில் சீனர் முதன்மையானவர். அயல்நாட்டார் பொன் எடுக்க வேண்டுமானால் தனி வரி செலுத்த வேண்டும் என்று 1850இலும் 1852இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. அவற்றின் சுமையாலும் வன்முறையாலும் நல்ல இடங்களிலிருந்து ஒதுக்கப்பட்ட சீனர், பிறர் கைவிட்ட தாழ்ந்த மணல்திட்டுகளிலேயே குடிசையிட்டுத் தங்கி, எஞ்சிய நுண்பொன்னைப் பொறுமையாக அரித்துவந்தனர். வெள்ளம் முதலில் எட்டும் இடம் அதுவே. வெள்ளத்துக்கு இனவேறுபாடு இல்லை. வெள்ளத்தின் வழியில் யாரைக் குடியமர்த்துவது என்பதில் மனிதருக்கு உண்டு.

நீர் வடிந்தபின் இருவகைக் காட்சிகள் தோன்றின. மலையில் பழைய திட்டுகள் கலைந்து புதிய திட்டுகள் பிறந்திருந்தன. பிழைத்தவர்கள் மீண்டும் தட்டை ஏந்தினர். சமவெளியிலோ, யூபா, பேர் ஆகிய ஆறுகளின் கரையோரப் பழத்தோட்டங்களும் வயல்களும் மணலாலும் களிமண்ணாலும் மூடப்பட்டுக் கிடந்தன. அம்மண் இயற்கையாக வந்த வண்டலாக மட்டும் இல்லை. அதன் மூலத்தை அறிய ஒன்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லல் வேண்டும்.

மனிதன் செய்த வெள்ளம்

ஆற்றுப்படுகையின் எளிய பொன் 1850களின் தொடக்கத்திலேயே குறையலாயிற்று. ஆனால் இன்றைய ஆறுகளுக்கு மிக உயரே, மலைமுகடுகளில், பல கோடி ஆண்டுகளுக்கு முன் ஓடி மறைந்த பழைய ஆறுகளின் கூழாங்கற்படுகைகள் பலநூறு அடி ஆழத்துக்குக் கிடந்தன. அவற்றிலும் பொன் இருந்தது. மிகச் சிறிதளவாகப் பரந்து கிடந்தது. கூடையில் சுமந்து அலசினால் கூலிக்கும் கட்டாது. வெள்ளம் ஒன்று வந்து மலையையே கரைத்துத் தந்தால் கட்டும். 1853இல் நெவாடா நகரத்தை அடுத்த ஒரு குன்றில் எட்வர்டு மேட்டிசன் என்பவர், உயரத்திலிருந்து குழாய்வழி இறங்கும் நீரைக் குறுகிய முனையின் வழியே பீய்ச்சி மண்சுவரைக் கரைத்துக் காட்டினார். துணிக்குழாயாகத் தொடங்கியது இருபது ஆண்டுகளில் இரும்பாலான நீர்ப்பீரங்கியாக வளர்ந்தது. அதன் தாரை பாறைகளை உருட்டும். குறுக்கே அகப்பட்ட மனிதனைக் கொல்லும்.

பீரங்கிக்கு நீர் வேண்டும். அதுவும் ஆண்டு முழுவதும் வேண்டும். ஆகவே குளிர்கால வெள்ளத்தை மலையுச்சியில் அணைகட்டித் தேக்கினர். பல மைல் நீளமான கால்வாய்களில் கொணர்ந்தனர். மடைகளைத் திறப்பது குறித்து உடனுக்குடன் பேசுவதற்காக 1870களின் இறுதியில் அம்மலைமேட்டில் ஏறத்தாழ 60 மைல் தொலைவுக்குத் தொலைபேசிக் கம்பி இழுக்கப்பட்டது. தொலைபேசி கண்டுபிடிக்கப்பட்டுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. 1866இல் தொடங்கப்பெற்ற நார்த் புளூம்ஃபீல்டு நிறுவனம் மாலகாஃப் என்னுமிடத்தில் தோண்டிய பள்ளம், 7,000 அடி நீளமும் 3,000 அடி அகலமும் சில இடங்களில் 600 அடி ஆழமும் உடையதாக இன்றும் காட்சியளிக்கிறது. அதன் சேற்றை யூபா ஆற்றின்பால் செலுத்துவதற்கென மலையைக் குடைந்து ஒன்றரை மைல் நீளச் சுரங்கவழி 1874இல் முடிக்கப்பட்டது.

கரைந்த மண் மரக்கால்வாய்களில் ஓடும்போது பொன்னைப் பற்றிக்கொள்ளப் பாதரசம் ஊற்றப்பட்டது. பொன்னும் பாதரசமும் கூடிக் கலவையாகும். அதனைச் சூடாக்கிப் பொன்னைப் பிரிப்பர். ஆனால் ஊற்றிய பாதரசம் முழுவதும் திரும்புவதில்லை. கலிபோர்னியாவின் ஆற்றுப்பொன் தொழிலில் நிலத்திலும் நீரிலும் கலந்துபோன பாதரசம் ஒரு கோடி பவுண்டு எடை என அமெரிக்க நிலவியல் ஆய்வகம் பின்னாளில் மதிப்பிட்டது. அதில் பெரும்பங்கு சியரா நெவாடா மலைச்சரிவிலேயே கலந்தது.

ஆற்றின் அரித்தலைத் தட்டில் பின்பற்றத் தொடங்கிய மனிதன் ஆற்றின் வெள்ளத்தையே பின்பற்றும் நிலைக்கு உயர்ந்துவிட்டான். உயர்ந்தது அவன் ஆற்றல். அவனோடு சேர்ந்து ஆற்றின் படுகையும் உயர்ந்தது.

மண் சுமந்த ஊர்

யூபா ஆறும் ஃபெதர் ஆறும் கூடுமிடத்தில் அமைந்தது மேரிஸ்வில் நகரம். பொன் தேடிச் செல்வோருக்கு உணவும் கருவியும் விற்று வளர்ந்தது. நீராவிப் படகுகள் அதன் துறைக்கு வந்து சென்றன. மலையிலிருந்து இறங்கிய சேறு, சமவெளியில் ஆறு தளரும் அவ்விடத்தில் படியத் தொடங்கியது. பொன்னைப் படியவைத்த அதே விதி இப்போது மண்ணைப் படியவைத்தது. படகு வழி தூர்ந்தது. ஆற்றுப்படுகை ஆண்டுக்காண்டு ஏறி, நகரத் தெருக்களைவிட உயர்ந்தது. ஊரைச் சுற்றிக் கரை எழுப்பினர். படுகை மேலும் ஏறியது. கரையையும் மேலும் ஏற்றினர்.

வைகை பெருகியபோது வீட்டுக்கு ஒரு பங்கெனக் கரையை அளந்துவிட்டதாகவும், முதியவள் வந்தியின் பங்கை அடைக்க இறைவனே பிட்டுக்கு மண் சுமந்ததாகவும் திருவிளையாடற்புராணம் கூறுகிறது. வைகைக் கரையை ஒருமுறை அடைத்தால் போதுமானதாயிருந்தது. மேரிஸ்வில் மக்கள் சுமந்த மண்ணுக்கு முடிவில்லை. மலையில் பொன்னெடுத்தவர் உதறிய மண் ஆற்றை நிரப்ப, சமவெளியில் வாழ்ந்தவர் மண் சுமந்து கரையை உயர்த்தினர்.

1875 ஜனவரி 19ஆம் நாள் வெள்ளம் கரையை மீறி நகருக்குள் புகுந்தது. உயரே ஓடும் ஆற்றிலிருந்து கிண்ணத்துள் நீர் வார்த்தாற்போல் ஊர் நிரம்பியது. நகரைச் சூழ்ந்த வயல்களிலோ, நீர் வடிந்தபின் கிடைத்தது வளமான வண்டலன்று. பயிர் ஏற்காத மணலும் களியும். நைல் முதலிய ஆறுகளின் வெள்ளம் உழவனுக்கு உரம் என்பர். யூபாவின் வெள்ளம் அவனுக்குப் புதைகுழியாயிற்று.

நீரைத் தெய்வமாகப் போற்றிய சீனரும் அந்நகரில் வாழ்ந்தனர். வெள்ளத்தை அடக்கும் வடதிசைக் கடவுளாகிய போக்காய்க்கு அவர்கள் 1880இல் ஆற்றங்கரையருகே எடுத்த கோயில் இன்றும் வழிபாட்டில் உள்ளது. ஆண்டுதோறும் வசந்தத்தில் விழாவும் நடைபெறுகிறது. பொன் வயல்களில் சீனர் குடியிருப்புகள் பல அழிந்துபோக, வெள்ளத்தின் நினைவாக அக்கோயில் நிலைத்திருப்பது எண்ணத்தக்கது.

வழக்கும் தீர்ப்பும்

பொன் நிறுவனங்கள் 1876இல் சங்கம் அமைத்தன. உழவரும் நகரத்தாரும் 1878இல் எதிர்ச்சங்கம் அமைத்தனர். நிறுவனங்களின் வாதம் எளிதானது. நாட்டைச் செல்வமாக்கியது பொன். பொன்னை நம்பியே நகரங்கள் பிறந்தன. ஆற்றில் மண் விடுவது தொடக்கம் முதல் வழக்கமாக இருந்துவருவது. உழவரின் வாதம் அதனினும் எளிதானது. தம் நிலத்தின்மேல் பிறருடைய மலையைக் கொட்டும் உரிமை எவருக்கும் இல்லை. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 1883 ஜூன் திங்களில், நடுயூபா ஆற்றின் மேற்பகுதியில் பொன் நிறுவனமொன்றின் நீர்த்தேக்கமாகிய இங்கிலிஷ் அணை உடைந்தது. மழையில்லாக் கோடையில் ஆற்றில் வெள்ளம் வந்தது. தேக்கிய வெள்ளமும் ஒருநாள் வெள்ளமாகவே வரும் என்பதற்கு அது சான்றாயிற்று.

மேரிஸ்வில்லில் சொத்துடைய எட்வர்ட்ஸ் உட்ரஃப் 1882இல் நார்த் புளூம்ஃபீல்டு நிறுவனத்தின்மேல் தொடுத்த வழக்கில், ஐக்கிய நாடுகளின் வட்ட நீதிமன்றத்தில் நீதிபதி லோரன்சோ சாயர் 1884 ஜனவரி 7ஆம் நாள் தீர்ப்பளித்தார். ஆற்றில் கழிவுமண்ணைத் தள்ளுவது பொதுமக்களுக்கும் தனியாருக்கும் கேடு விளைக்கும் செயல் என்றும், அதனை நிலையாகத் தடுத்து ஆணையிடுவதாகவும் தீர்ப்பு அமைந்தது. நீர்ப்பீரங்கியைப் பயன்படுத்தலாகாது என்று அத்தீர்ப்பு சொல்லவில்லை; கழிவை ஆற்றில் விடலாகாது என்றே சொல்லியது. ஆனால் ஆற்றைத் தவிர வேறு போக்கிடம் இல்லாத தொழில் அதனோடு முடங்கியது. மேரிஸ்வில் மகிழ்ந்தது, மலையூர்கள் மெல்ல வெறுமையாயின. பொன்னின் செல்வாக்கு உச்சத்திலிருந்த மாநிலத்தில், ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழ்வோருக்கும் ஆற்றின்மேல் உரிமையுண்டு என்று நிலைநாட்டியமையால், சுற்றுச்சூழல் சட்ட வரலாற்றில் இத்தீர்ப்புக்குத் தனியிடம் தரப்பட்டுள்ளது.

தீர்ப்புக்குப் பின்னும் ஓய்ந்திராத ஆறு

நீதிமன்றம் பீரங்கியை நிறுத்தியது. மலையிடுக்குகளில் முன்பே குவிந்திருந்த மண்ணை நிறுத்தும் ஆற்றல் அதற்கு இல்லை. ஒவ்வொரு வெள்ளமும் அதில் ஒரு பகுதியைக் கீழே தள்ளியது. நிலவியலறிஞர் குரோவ் கார்ல் கில்பர்ட் இதனை ஆராய்ந்து 1917இல் வெளியிட்ட நூல் இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்று. பனாமாக் கால்வாய் வெட்டுவதற்கு அகற்றிய மண்ணைப் போல் ஏறத்தாழ எட்டு மடங்கு மண்ணைப் பீரங்கிகள் மலையினின்று கரைத்தன என்று அவர் கணக்கிட்டார். அம்மண் ஓர் அலையைப்போல ஆற்றில் மெல்ல இறங்கிவருவதையும் அவர் விளக்கினார். மேரிஸ்வில் அருகே யூபாவின் படுகை மிக உயர்ந்தது தீர்ப்பு வந்த ஆண்டில் அன்று. அதற்கு இருபது ஆண்டுகளுக்குப் பின், 1905ஐ ஒட்டியே.

1893இல் கழிவுமண்ணைக் கவனிப்பதற்கென நடுவணரசு தனி ஆணையம் அமைத்தது. யூபாவில் கட்டிய தடுப்பணைகளுள் ஒன்று 1907 வெள்ளத்தில் அழிந்தது. பின்னர் 1941இல் எங்கிள்பிரைட் அணை எழுந்தது. அது முதன்மையாக மண்ணைத் தேக்கக் கட்டிய அணை. இதற்கிடையே, சமவெளியில் குவிந்த சரளையிலும் பொன் உண்டு என்று கண்டு, 1904 முதல் 1968 வரை பெரும் மிதவை எந்திரங்கள் மேரிஸ்வில்லுக்குக் கிழக்கே அதனைக் கிண்டிப் பொன்னெடுத்தன. அவை விட்டுச்சென்ற கூழாங்கல் மேடுகள் வானிலிருந்து நோக்கினால் வரிவரியாகத் தோன்றும்.

கரைகளின் கதையும் அங்கு முடியவில்லை. 1986 பிப்ரவரி 20ஆம் நாள் யூபாவின் தென்கரை லிண்டா என்னும் ஊருக்கருகே உடைந்து, ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தனர். நீர் அப்போது கரையின் உச்சியை எட்டியிருக்கவில்லை. உடைந்தது கரையின் உள்ளீடு. பொன் தொழிலின் கழிவுமணலையே அள்ளி, நன்கு இறுக்காமல், நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய கரை அது என்பது வழக்கில் வெளிப்பட்டது. மாநில அரசே பொறுப்பு என்று 2003இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூற, 2005இல் 46 கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு தருவதற்கு உடன்பாடு ஏற்பட்டது. கரைத்தவர்கள் மறைந்து நூறாண்டு கழிந்தபின், பொன்னெடாத ஒரு தலைமுறை அப்பொன்னுக்கு விலை கொடுத்தது.

பாதரசத்தின் கணக்கும் முடியவில்லை. யூபாவின் கரைகளில் புதைந்து கிடக்கும் பழைய சேற்றைப் பெருவெள்ளங்கள் அரித்து, பாதரசத்தோடு கழிமுகத்துக்குக் கொண்டுசெல்கின்றன என்று 2013இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பாதரசம் நுண்ணுயிர்களால் நச்சுக்கூட்டாக மாறி மீனிலும், மீனுண்போர் உடலிலும் சேர்கிறது. ஆற்றடியைக் குழாயால் உறிஞ்சிப் பொன் தேடுவது 2009இல் கலிபோர்னியாவில் நிறுத்தி வைக்கப்பட்டமைக்கு மீன்வளத்தோடு இந்த அச்சமும் காரணம்.

எனினும் தட்டு மறையவில்லை. 2022-23 குளிர்காலத்தில் அடுத்தடுத்துப் புயல்கள் வந்து ஆறுகளைக் கிளறியபின், பொழுதுபோக்காகவும் ஆவலாகவும் பொன் அரிப்போர் சியரா நெவாடா அடிவாரத்து ஓடைகளில் மீண்டும் திரண்டனர். வெள்ளம் வடிந்த திட்டில், வளைவின் உட்புறத்தில், கருமணல் வரி கண்ட இடத்தில் அவர்கள் தேடினர். முதல் தலைமுறையினர் கற்ற ஆற்றின் இலக்கணம் மாறவில்லை. அவர்கள் தட்டுகளில் சிற்சில வேளைகளில் பொன்னோடு வெள்ளிபோல் மின்னும் துளியும் தங்கும். அது நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஒருவன் மரக்கால்வாயில் ஊற்றிய பாதரசம். இரண்டும் கனமானவை, இரண்டையும் வெள்ளம் ஒரே விதியால் ஒரே பிளவில் சேர்க்கிறது.

ஆறு தான் பெற்றதை எடைபார்த்துத் திருப்பித் தருவது. மலை பொன்னைக் கொடுத்த காலத்தில் அது பொன்னைத் தந்தது. மனிதன் மலையையே கொடுத்தபோது மண்ணைத் தந்தது. நஞ்சை இட்டபோது நஞ்சையும் சேர்த்து வைத்துத் தந்துகொண்டிருக்கிறது. ஆற்றில் அரிப்பவனும் ஆற்றங்கரையில் வாழ்பவனும் ஒரே வெள்ளத்தின் இருபுறத்தவர் என்பதைச் சட்டம் ஏற்பதற்கு 36 ஆண்டுகளும் ஒரு நகரத்தின் துயரமும் வேண்டியிருந்தன. ஆற்று மணலிலும் மலைக்கல்லிலும் பொருள் காண்போர் பெருகியுள்ள நாடுகள் யாவும் படித்துணர வேண்டிய வரலாறு யூபா ஆற்றின் வரலாறு.